எந்த நாடு, எந்தக் காலம்?

ஜனவரி 9, அம்மாபேட்டை, சேலம்

அண்ணன் மகள் பொங்கல் லீவுக்கு வந்திருக்கிறாள். ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்: "அத்தை, உங்களுக்கு ஒரு நாட்டை ஆளக் குடுத்தா எந்த நாடு, எந்தக் காலம் கேப்பீங்க?" நிபந்தனையும் அவளே போட்டாள். பட்டம் கட்டிய நாளிலிருந்து கடைசி வரை ஆள வேண்டும். நல்ல வருஷங்களை மட்டும் பொறுக்கிக்கொள்ளக் கூடாது. அந்த ஆட்சியின் போர், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் நம் தலையில்தான்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. ராஜராஜன், தஞ்சாவூர். அவளுக்கு வேலு நாச்சியார். 1772-ல் காளையார்கோவிலில் கணவரைப் பறிகொடுத்து, விருப்பாச்சியில் மறைந்து வாழ்ந்து, 1780-ல் சிவகங்கையை மீட்டவர். அந்த மறைவு வாழ்க்கையும் சேர்த்தே வேண்டும் என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஆனால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது.

ஜனவரி 10

நான் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறவள். இது சீசன். காலையிலேயே மரவள்ளி லோடு வரிசை கட்டி நின்றது. ஒவ்வொரு லோடிலும் கொஞ்சம் கிழங்கை எடுத்து மாவுச்சத்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். அதற்குப் பெயர் பாயிண்ட். பாயிண்டுக்கு இவ்வளவு என்றுதான் விலை. இன்று ஒரு பெரியவர், லாரியில் வந்த களைப்போடு, துண்டால் முகத்தைக்கூடத் துடைக்காமல் அந்த அளவையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பாயிண்ட் இறங்கினால் அவருடைய பத்து மாத உழைப்பில் ஒரு பங்கு போய்விடும்.

அதனால்தான் அண்ணன் சொன்ன ராஜராஜன் என்னையும் இழுக்கிறான். கி.பி. 1001 வாக்கில் நாடு முழுக்க நிலம் அளந்தவன். அளந்த கோல் 16 சாண். வேலி, மா, காணி, முந்திரி, அதற்கும் கீழே பின்னத்தின் பின்னம் என்று எழுதி வைத்தார்கள். பெரிய கோயில் சுவரில் நகைகளின் எடை இருக்கிறது. கோயிலில் ஆடிப் பாட வந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, வருஷத்துக்கு 100 கலம் நெல். இவ்வளவு துல்லியமான கணக்கைப் பார்க்கும்போது எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

ஆனால் அதே கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்க வேண்டும். அந்த 400 பேரிடம் "வருகிறாயா அம்மா" என்று யாராவது கேட்டிருப்பார்களா? உக்கல் கல்வெட்டில், வரி கட்டாமல் விட்டவர்களின் நிலத்தை ஊர் விற்றுக்கொள்ளலாம் என்று இதே ராஜராஜனின் ஆணை இருக்கிறது. ஈழத்து ஊர்களிலிருந்தும் பெரிய கோயிலுக்கு நெல்லும் காசும் போயின. அந்த ஊர்கள் படை அனுப்பிப் பிடித்தவை. அவ்வளவு பெரிய நாட்டில் உச்சியில் இருப்பவளுக்கு அளவு தெரியும், ஆள் தெரியாது. வேண்டாம்.

ஜனவரி 12

முதல் குலோத்துங்கன், 1070 முதல் 1122 வரை. 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் ஒன்றே போதும், கணக்குப் பிள்ளைகள் எல்லாரும் அவன் பக்கம் சாய்வதற்கு. அண்ணன் மகளிடம் சொன்னேன். அவள் ஒரே வார்த்தை சொன்னாள்: "கலிங்கம்." பரணி பாடும் அளவுக்கு நடந்த போர் அது. சரி, விட்டேன்.

ராணி மங்கம்மாளையும் நினைத்தேன். 1689 முதல் 1706 வரை பேரனுக்காக மதுரையை ஆண்டு, சாலையும் சத்திரமும் மரமுமாகப் பெயர் விட்டுப் போனவர். இவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் அந்தக் காலத்தில் நம்முடைய சேலம் பக்கம் மைசூர் சிக்கதேவராயன் கைக்குப் போய்விட்டது. சொந்த ஊரை இழந்த ஆட்சியைக் கேட்க மனம் வரவில்லை.

ஜனவரி 15, பொங்கல்

வாசலில் இரண்டு பக்கமும் கரும்பு. பூலாம்பட்டிப் பக்கத்துச் செங்கரும்பு, கணு நெருக்கமில்லாமல் நல்ல நீளம். தோகையைச் சீவும்போதுதான் புறநானூற்று வரி ஞாபகம் வந்தது. 99-ம் பாட்டு. அதியமான் நெடுமான் அஞ்சியைப் பார்த்து ஔவையார் அவனுடைய முன்னோரைச் சொல்கிறார்: "அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்". கிடைப்பதற்கு அரிய கரும்பை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள்.

அஞ்சி ஆண்ட தகடூர் என்பது இன்றைய தர்மபுரி. 1965-ல் பிரியும் வரை சேலம் மாவட்டம்தான். அஞ்சி என்றால் எல்லாருக்கும் நெல்லிக்கனி தெரியும். ஆனால் அவனுடைய குலத்துக்கு முதல் பெருமையாக ஔவையார் எடுத்து வைப்பவற்றில் ஒரு பயிர் இருக்கிறது. இன்று மத்தியானம் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கொண்டுவந்த முன்னோனின் பெயர் பாட்டில் இல்லை. கரும்பு இருக்கிறது.

ஜனவரி 17, ஏற்காடு

காணும் பொங்கல் என்பதால் கூட்டம் அதிகம். 20 கொண்டை ஊசி வளைவிலும் குளிர். லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுசாகத் தெரிகிறது.

அங்கே நின்றுகொண்டு 1876-78 தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். சென்னை மாகாணத்தில் மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறக்குறைய 20 லட்சம் பேர். 1881-ல் 16 லட்சம். இந்தச் சமவெளியில், இந்த மலையடிவாரத்தில் கரைந்துபோனவர்கள். 1877 ஜனவரி 1-ம் தேதி டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார்கள். அதே மாதம் இங்கே நிவாரண வேலைக்கு வந்த ஆம்பளை ஒருவருக்குக் கூலியை ஒரு ராத்தல் (அரைக் கிலோகூட இல்லை) தானியமும் ஓரணாவும் என்று குறைத்தார்கள். கல் உடைக்கிறவனுக்கு ஒரு ராத்தல்! எந்தச் சிம்மாசனத்தையும் கேட்கலாம், அதை மட்டும் கேட்கவே கூடாது.

"அப்போ அந்தக் காலத்துல நல்ல ராஜா யாருமே இல்லையா அத்தை?"

இருந்தார். திருவிதாங்கூர் விசாகம் திருநாள், 1880 முதல் 1885 வரை. ஏழைகளின் பசிக்கு மரவள்ளி உதவும் என்று தன் நாட்டில் அதைப் பரப்பியவர். அங்கே பரவிய கிழங்குதான் பின்னால் எங்கள் பக்கம் சோறு போட்டது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது சேலத்தில் இந்தத் தொழில் பிறந்தது. ஈரமாவைத் துணியில் கட்டிக் குலுக்கிக் குலுக்கி மணி பிடிக்க வைத்த காலம். இன்று எங்கள் ஆலையில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான திப்பிகூட வீணாவதில்லை, மாட்டுத் தீவனமாகப் போகிறது. ஒரு அரசன் ஒரு கிழங்கை நம்பினான், என் மாதச் சம்பளம் வரை அது வந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ஆனால் அவருடைய இடத்தை நான் கேட்க மாட்டேன். மேலே ரெசிடென்ட் என்ற வெள்ளைக்கார மேற்பார்வை அதிகாரி. கீழே, 1936 வரை எல்லாருக்கும் திறக்காத கோயில் கதவுகள். ஐந்து வருஷத்தில் கிழங்கை நடலாம், அந்தக் கதவை அசைக்க முடியாது.

ஜனவரி 18, ஏற்காடு

முடிவு செய்துவிட்டேன். தகடூர், கி.மு. 3-ம் நூற்றாண்டு. அஞ்சி அல்ல, அவனுக்கு வெகு முன்னால் ஆண்ட அதியமான்.

அண்ணன் விடவில்லை. "அஞ்சியே இருக்கும்போது பேர் தெரியாத ஒருத்தன் எதுக்கும்மா?" அஞ்சியின் ஆட்சியை எடுத்தால் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறையின் முற்றுகையையும் எடுக்க வேண்டும். தகடூர் விழுந்தது அப்போதுதான். அந்த 99-ம் பாட்டே முன்னோரின் கரும்பைச் சொல்லிவிட்டு அஞ்சி கோவலூரை அழித்ததில்தான் முடிகிறது. அதே திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-ல் கண்டெடுத்த கல்வெட்டு, 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' துறவிகளுக்குக் கொடுத்த பாழி, அதாவது தங்குமிடம், என்கிறது. அழித்ததும் கொடுத்ததும் ஒரே வட்டாரத்தில். அவனுடைய கொடையை நான் வணங்குகிறேன், அவனுடைய போர்களை ஏற்க என்னால் முடியாது.

அந்த 'ஸதியபுதோ' என்ற பட்டம்தான் எனக்குக் காலத்தைக் காட்டியது. அசோகனின் இரண்டாம் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சத்தியபுத்திரரும் வருகிறார்கள். அவர்கள் நாட்டிலும் மனிதருக்கும் கால்நடைக்கும் மருத்துவம், மூலிகையும் கிழங்கும் கனியும் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோய் நடுதல், வழியில் கிணறு வெட்டுதல், மரம் வைத்தல். பேரரசனே எல்லைக்கு அப்பால் இருந்தவர்களுக்கு நாற்று அனுப்பிய காலம் அது. சின்ன நாட்டை ஆள அதைவிட நல்ல நேரம் எது?

அவள் விடாமல் கேட்டாள்: "பக்கத்து நாட்டுக்காரன் உங்க கரும்புக்காகவே படையெடுத்தா?"

கரும்பை ஒளித்து வைக்க மாட்டேன். நடுவதற்குக் கரணை கேட்டு வந்தால் கோவலூர் மலையமானுக்கும் கொடுப்பேன், சேரனுக்கும் கொடுப்பேன். ஏரிக்கரை தோறும் ஒரு பாத்தி அதற்கென்றே இருக்கும். சந்தையில் அளவுப் படியைக் கல்லில் குடைந்து வைப்பேன், யார் வேண்டுமானாலும் வந்து தங்கள் படியைச் சரிபார்க்கலாம்.

"அது போதாது அத்தை, மாடு பிடிக்க வருவாங்களே."

தெரியும், நம் பக்கத்து நடுகற்களில் பாதி அந்தக் கதைதான். கோட்டை கட்டுவேன், ஊர்க்காவலுக்கு ஆள் வைப்பேன். அந்தச் செலவுக்கான வரியைக் கரும்பு போட்டவனிடம் வெல்லமாக வாங்குவேன். தினையிலும் சாமையிலும் ஒரு பிடிகூட எடுக்க மாட்டேன்.