பெத்லகேம், பென்சில்வேனியா, அமெரிக்கா, நவம்பர் 2015

நவ. 14
அமெரிக்கன் ஃபுட்பால் ஆடித் தலையில் அடிபட்டு வந்த என் மகன் தம்பியை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பிப் பார்த்தேன். "லைட்டை அணைம்மா" என்கிறான். வேறு பேச்சு இல்லை.

நவ. 16
டாக்டர் ஐந்து வார்த்தை சொல்லிவிட்டு, கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்டார். எல்போ, ஆப்பிள், கார்ப்பெட். அதோடு நின்றுவிட்டான். சாடிலும் பபிளும் வரவே இல்லை. எனக்கு வாய்வரை வந்துவிட்டது, சொல்லக் கூடாதே.

ஊரிலிருந்து அம்மா போன். வேளச்சேரியில் வாசல் வரை தண்ணீராம். தம்பி எங்கே என்று கேட்டாள். தூங்குகிறான் என்றேன்.

நவ. 18
இருட்டறையில் அவனோடு உட்கார்ந்தால், எதிர்ச் சுவரில் ஃபுட்பால் வீரர் சக் பெட்நாரிக் படம். ஒருநாள்கூடக் கழற்றச் சொன்னதில்லை. இந்த ஊர்ப் பிள்ளை, ஸ்டீல் ஆலைத் தொழிலாளியின் மகன். ஜெர்மனி மேல் 30 தடவை குண்டுவீச்சு விமானத்தில் போய் உயிரோடு திரும்பி, அப்புறம் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு 14 சீசன். நம்மவனைப் போலவே சென்டர். பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுத்த அந்த நொடியே எதிராளி மேலே விழுவான். இவருக்கு அது போதாமல், பந்து எதிரணியிடம் இருக்கும்போது அவர்களை இடித்துத் தடுக்கிற லைன்பேக்கராகவும் நிற்பார். 1960 இறுதி ஆட்டத்தில் 60 நிமிடத்தில் 58 நிமிடம் களத்திலேயே இருந்தார்.

14 வருஷத்தில் மூன்றே ஆட்டம்தான் தவறவிட்டார் என்று தம்பி பெருமையாகச் சொல்வான். நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். இன்று அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வயதான பிறகு எடுத்த படத்தில், சுண்டு விரல் மற்ற விரல்களை விட்டுப் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. விரல் கோணினால் கண்ணுக்குத் தெரியும். தலைக்குள் கோணினதை யார் பார்த்தார்கள்? இந்த மார்ச்சில் இறந்தார், 89 வயது. கடைசியில் மறதி நோய் இருந்தது என்று மகள் சொன்னார்.

தூங்கும்போது தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கின்றன.

நவ. 20
55 வருஷம் முன்னால் இதே நாள், யாங்கீ ஸ்டேடியத்தில் பெட்நாரிக் இடித்த இடியில் எதிரணி நியூயார்க் ஜயன்ட்ஸின் ஃப்ராங்க் கிஃபோர்ட் மூர்ச்சையாகி விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். மறுபடி ஆட வந்தது 1962இல். முழுசாக ஒரு சீசன் போயிற்று. விழுந்தவர் பக்கத்தில் பெட்நாரிக் நிற்கிற அந்தப் புகைப்படம் தம்பிக்கு உயிர். நிற்பவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம் இத்தனை நாளும். கீழே கிடக்கிறவருக்கும் அம்மா இருந்திருப்பாள்.

நவ. 22
மூன்று இட்லி சாப்பிட்டான்.

நவ. 25
கிஃபோர்ட் ஆகஸ்டில் போனார். அவர் மூளையைப் பரிசோதித்ததில் சி.டி.இ., தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு வரும் மூளைச் சிதைவு நோய், இருந்தது என்று குடும்பத்தார் இன்று வெளியில் சொல்லிவிட்டார்கள். டிவியை அணைத்துவிட்டேன். அவன் அறைக் கதவு திறந்திருந்தது.

நவ. 26
காலையில் தானாகவே அடுப்படிக்கு வந்து நின்றான். எல்போ, ஆப்பிள், கார்ப்பெட், சாடில், பபிள். ஐந்தும்.

"இப்ப ஆடலாமாம்மா?"

பால் பொங்கிவிட்டது. துடைத்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை டாக்டர்.