பட்டாம்பூச்சி வீடும் காரீயப் பெட்ரோலும்

ஒருவருக்கு மனசு சரியில்லை என்றால் வளர்ப்பு, பரம்பரை, காதல் தோல்வி, ஜாதகம் என்று எல்லாவற்றையும் துருவுகிறோம். எந்தக் காற்றில் வளர்ந்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

1924 அக்டோபர், அமெரிக்காவில் நியூ ஜெர்சி. பேவேயில் இருந்த ஸ்டாண்டர்ட் ஆயில் ஆலையில், இன்ஜின் இடிக்காமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் கலக்கும் டெட்ராஎத்தில் லெட் தயாரித்தார்கள். சுத்தமான காரீய விஷம். சில நாட்களுக்குள் 5 தொழிலாளிகள் செத்துப்போனார்கள், 30 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில், அதில் சிலர் இல்லாததெல்லாம் கண்ணில் பட்டு அலறியதால் கட்டிப்போட வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் ஒருவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? வேலை ஜாஸ்தி, அதில் புத்தி பேதலித்திருக்கும்! இதே சரக்கைத் தயாரித்த டூபான்ட் ஆலையில் ஆட்கள், இல்லாத பூச்சிகளைத் தட்டிவிட்டுக்கொண்டே இருப்பார்களாம், அந்தக் கட்டடத்துக்கே பட்டாம்பூச்சி வீடு என்று பெயர் வந்துவிட்டது.

இந்தச் சரக்கைப் பெட்ரோலில் கலக்கலாம் என்று கண்டுபிடித்த தாமஸ் மிட்ஜ்லி நிருபர்கள் முன்னால் அதிலேயே கைகழுவி, மோந்தும் காட்டினார். முந்தைய வருடம்தான் அவரே காரீயம் உடம்பில் ஏறி ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார், அதை யாரிடம் சொல்வது. கொஞ்ச காலம் நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி விற்க ஆரம்பித்தார்கள்.

காரீயம் கால்சியம் மாதிரி வேஷம் போட்டு மூளைக்குள் நுழைந்துவிடும், எலும்பிலும் பல்லிலும் வருடக்கணக்காகத் தங்கும். அதனால்தான் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க டாக்டர் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்தார். பல்லில் காரீயம் அதிகமிருந்த பிள்ளைகளுக்கு ஐக்யூ குறைவு, வகுப்பில் கவனமும் நிற்கவில்லை என்று 1979இல் எழுதினார். அப்புறம் நியூசிலாந்தின் டனிடின் நகரில் நடந்த ஆய்வில், 11 வயதில் ரத்தத்தில் காரீயம் கூடுதலாக இருந்தவர்களுக்கு நாற்பதை நெருங்கும்போது மனநலத் தொல்லைகளும் சற்றே கூடுதலாக இருந்தன. சற்றேதான், மறுக்கவில்லை. ஆனால் ஊரே சுவாசித்த புகையில் அந்தச் சற்றே எத்தனை வீடுகளில் சண்டையாகவும் படுத்த படுக்கையாகவும் ஆகியிருக்கும்!

இந்தியாவில் காரீயப் பெட்ரோல் 2000இல் நின்றது, கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல். பழைய வீட்டு ஜன்னல் கம்பியிலும் கதவிலும் இருக்கும் எனாமல் பெயின்டில் காரீயம் இன்னும் இருக்கலாம். அதைச் சுரண்டும் வேலை நடந்தால் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் விடுங்கள், உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.