பட்டு சாப்பிடவில்லை

ஜனவரி 6
புது வீட்டுக்கு எல்லாப் பெட்டியும் வந்துவிட்டது, இட்லிப் பானை இருந்த பெட்டியைத் தவிர. வெளியே மைனஸ் 14. கார் ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டு, பட்டு, மிளகு என்ற லெப்பர்ட் கெக்கோ பல்லிகள் இரண்டையும் தனித்தனி டப்பாவில் துணி சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். ஸ்கார்பரோவிலிருந்து மிஸ்ஸிசாகா வரை, 401 நெடுஞ்சாலை முழுக்க, எதுவும் அசையவில்லை. திறந்து பார்க்கப் பயமாக இருந்தது.

ஜனவரி 7
புதுத் தொட்டி மூன்றடி நீளம். பழைய தொட்டிகள் இரண்டையும் வைக்க இங்கே இடம் ஏது? ஒரே ஈட்டில் வந்த இரண்டு முட்டை, இரண்டும் பெண், சேர்ந்தே இருக்கட்டும் என்று இவரும் சொன்னார், கடைக்காரரும் சொன்னார். சாயங்காலம் தின்னச் சுவர்க்கோழிப் பூச்சி விட்டேன். மிளகு எட்டிப் பார்த்தாள். பட்டு அதுகூட இல்லை.

ஜனவரி 8
தொடவில்லை.

ஜனவரி 10
இடம் மாறினால் ஒன்றிரண்டு வாரம் சாப்பிடாமல் இருப்பது வழக்கம்தான். வாலில் கொழுப்பு சேர்த்து வைத்திருக்கிற ஜாதி, பட்டினி தாங்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் ராத்திரி எழுந்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். சூடான பக்கம் தரை 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 23. சரியாகத்தான் இருக்கிறது. வயிற்றுக்கு அடியில் சூடு இல்லாவிட்டால் தின்றதும் செரிக்காது, அதனால்தான் திரும்பத் திரும்ப அளக்கிறேன். இந்த வீட்டு ஹீட்டர் வேறு காற்றை வறட்டிக் கொல்கிறது. ஈரப் பாசி வைத்த டப்பா காலைக்குள் காய்ந்துவிடுகிறது.

அம்மா போனில், "பல்லி சத்தம் போட்டுச்சா, எந்தத் திசையில?" என்றாள். இது சுவரில் ஏறாது அம்மா, விரலில் ஒட்டுகிற பட்டையே கிடையாது, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துக் கல்லாங்காட்டில் தரையோடு தரையாக ஓடுகிற ஜாதி, கண்ணை இமைக்கக்கூடச் செய்யும் என்றேன். "இமைக்குமா?" என்று கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மகன் கவின் கூப்பிட்டான். "சாப்பிடுதா?"
"ம்."
"ரெண்டுமா?"
"ம்."

ஜனவரி 12
சமையலறைத் தராசில் நிறுத்தேன். மிளகு 63 கிராம், அப்படியே இருக்கிறாள். பட்டு 47. பழைய வீட்டில் கடைசியாக நிறுத்தபோது 52. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

இனி அந்தத் தராசில் மாவு நிறுக்கக் கூடாதாம். சரி.

ஜனவரி 14
பொங்கல் குக்கரில். மிளகு நான்கு சுவர்க்கோழி தின்றாள். பட்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜனவரி 15
ராத்திரி இரண்டு மணி. சூடான குகைக்குள் இரண்டும் இருந்தன, மிளகு பட்டுவின் முதுகின் மேல் ஏறிப் படுத்திருந்தாள். இதைப் படம் எடுத்துப் போட்டால் எல்லோரும் "அய்யோ, கட்டிப்பிடிச்சுத் தூங்குது" என்பார்கள். பாசமாவது ஒன்றாவது. சூடு யாருக்கு என்கிற சண்டை அது, சத்தமில்லாமல் நடக்கிறது. கடிக்கவில்லை, ரத்தம் இல்லை. பட்டு மெல்ல வெளியே வந்தாள். மிளகு தலையை நீட்டி, வாலை மெதுவாக, மிக மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள். பட்டு போய்த் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில், 23 டிகிரியில், சுருண்டுகொண்டாள். அங்கே இருந்தால் பசி எப்படி எடுக்கும்?

கூடப் பிறந்தவர்கள் சேர்ந்து இருந்தால் சந்தோஷம் என்பது நம் கணக்கு. காட்டில் தனியாகத் திரிகிற பிராணிக்குத் துணை எதற்கு?

ஜனவரி 16
கடைக்கு போன் செய்தேன். இன்னொரு குகை வாங்கி வையுங்கள் என்றார்கள். விலையும் சொன்னார்கள். நன்றி என்று வைத்துவிட்டேன்.

பழைய சின்னத் தொட்டி பால்கனியிலிருந்து வந்தாயிற்று. படுக்கையறையில், என் பக்கத்து மேசையில். ஹீட் மேட், தெர்மோஸ்டாட், தரைக்கு டிஷ்யூ பேப்பர். இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என் கண்ணாடியை எங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி 18
பட்டு தோல் உரித்தாள். உரித்த தோலைத் தானே தின்றுவிட்டாள். இதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கலாமா? கால்விரல் ஒன்றில் ஒட்டியிருந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பஞ்சால் எடுத்தேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 20
45.

வால் அடிப்பக்கம் ஒடுங்கியிருக்கிறது, அல்லது எனக்கு அப்படித் தெரிகிறது. கிரிப்டோ என்ற வார்த்தையைப் படித்ததிலிருந்து வயிறு கலங்குகிறது. குடலில் குடியேறுகிற ஒட்டுண்ணி, வந்தால் வால் குச்சி மாதிரி ஆகிவிடும். சாதாரண பிளீச் போட்டுக் கழுவினாலும் சாகாதாம். இரண்டும் ஒரே கிண்ணத்தில் தண்ணீர் குடித்தார்களே! பட்டுவுக்குத் தனி இடுக்கி, தனிக் கிண்ணம். ஒவ்வொரு முறையும் கை கழுவி மணிக்கட்டு வரை வெடித்துவிட்டது.

டாக்டர் பதறவில்லை. வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றைத் தடவிப் பார்த்தார். புது எச்சம் கொண்டுவாருங்கள், பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றார். சாப்பிடாத பிராணி எச்சம் எங்கிருந்து போடும் என்று கேட்க நினைத்தேன், காரில் ஏறிய பிறகுதான்.

ஜனவரி 21
எச்சம் இல்லை.

ஜனவரி 22
இல்லை. கவினுக்கு நேர்முகம் நன்றாகப் போனதாம். குரல் அப்படிச் சொல்லவில்லை. "சாப்பிட்டியா?" என்றேன். "ம்" என்றான்.

ஜனவரி 24
தின்றாள்!! ஒரு மீல்வோர்ம் புழு. இடுக்கியில் நீட்டி, கை மரத்துப்போகும் வரை காத்திருந்தேன். முதலில் நக்கிப் பார்த்தாள், பின்வாங்கினாள், போச்சு என்று நினைத்தபோது லபக். பாதி ராத்திரியில் இவரை எழுப்பிச் சொன்னேன். "கால்சியம் பவுடர்ல தோய்ச்சியா?" என்றார் தூக்கத்தில். இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

ஜனவரி 25
இன்னும் இரண்டு.

ஜனவரி 27
எச்சம்! பழுப்பு ஒரு துண்டு, நுனியில் வெள்ளை, இருக்க வேண்டிய மாதிரியே. சின்னப் பாட்டிலில் போட்டு, இரண்டு பையில் சுற்றி, "தொடாதே" என்று எழுதி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மாவடுவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று இவர் இடம் மாற்றினார். மதியம் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. முடிவு வரச் சில நாள் ஆகும்.

ஜனவரி 29
பட்டு 46. முடிவு வரவில்லை. மிளகு இன்று சாப்பிடவில்லை. அவளுக்கும் தோல் வெளுத்திருக்கிறது, உரிப்பதற்காக இருக்கலாம்.

கவின் வீடியோவில் வருகிறானாம். புதுத் தொட்டியில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமாம். எட்டு மணிக்கு. இப்போதே ஏழரை.