பழைய ஏஎன்ஆர் ஹெட்செட்: அணையும் விளக்கு, கரகரப்பு, ஒரு விசில்

போன மாதம் கைமாறி வந்த ஏஎன்ஆர் ஹெட்செட் இது, அதாவது விமானி போட்டுக்கொள்ளும், இரைச்சலை மின்னணு முறையில் அடக்கும் ஹெட்செட். வாங்கிய மறுநாளே, சான் ஹோசே பக்கம் நான் வாடகைக்கு எடுத்து ஓட்டும் செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் மாட்டிப் பார்த்தேன். ஓடுபாதை வரை போவதற்குள் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. கேபிள் அசையும்போதெல்லாம் வலது காதில் கரகரவென்று சத்தம். இரண்டுக்கும் அடியில் மெல்லிய விசில் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. ரேடியோ தெளிவாகக் கேட்காமல் மேலே போவது சரியில்லை என்று அப்படியே திரும்பிவிட்டேன்.

இந்த வகை ஹெட்செட்டில் காதுமூடிக்குள்ளேயே சின்ன மைக் ஒன்று உண்டு. உள்ளே வரும் இரைச்சலை அது கேட்க, அதற்கு நேர் எதிரான அலையை ஸ்பீக்கர் உண்டாக்குகிறது. கீச்சுச் சத்தங்களைக் காதுமூடியின் மெத்தையே தடுத்துவிடும். அடித்தொண்டை உறுமலுக்குத்தான் ஏஎன்ஆர் வேண்டும். இரண்டு இலை புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,400 சுற்று சுற்றினால் எழும் அடிப்படைச் சத்தம் 80 ஹெர்ட்ஸ். 1986 டிசம்பரில் எங்கும் இறங்காமல் உலகைச் சுற்றிய வாயேஜர் விமானத்தில், டிக் ரூட்டானும் ஜீனா யேகரும் ஒன்பது நாள் காதைக் காத்துக்கொண்டது போஸ் நிறுவனம் கொடுத்த இந்த மாதிரிச் சோதனை ஹெட்செட்டுகளால்தான். அந்த உறுமலோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதலில் பவர். புது டபுள் ஏ பேட்டரி இரண்டு போட்டும் விளக்கு அணைந்தது. பேட்டரிகளைத் தனியாக அளந்தால் 3.1 வோல்ட். சரி, ஹெட்செட்டை ஆன் செய்துவிட்டு சர்க்யூட் போர்டின் முனையில் அளந்தால் 2.2 தான். நடுவில் 0.9 வோல்ட் எங்கேயோ தொலைகிறது. சும்மா இருக்கும்போது எடுக்கும் அளவு இங்கே ஏமாற்றிவிடும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் குட்டு வெளிப்படும். ஸ்பிரிங்கை நெம்பி எடுத்துப் பார்த்தால், அதன் அடியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் படலம், ஓரத்தில் பச்சை. எப்போதோ ஒரு ஆல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. அது காரம் என்பதால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்தேன், நுரைத்துக் கரைந்தது. அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் கழுவி, ஒரு ராத்திரி காயவிட்டு, ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டேன். மறுநாள் அதே முனையில் 3.0 வோல்ட். கையால் தட்டிப் பார்த்தேன், விளக்கு அணையவில்லை.

கரகரப்பு பிளக்கின் கழுத்தில் இருந்தது. விமான ஹெட்செட்டுக்கு இரண்டு பிளக்: காதுக்கு 6.3 மில்லிமீட்டர், மைக்குக்குச் சற்று ஒல்லியாக 5.2 மில்லிமீட்டர். தடித்த பிளக் பக்கம் ஐந்து சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக் வைக்க உட்கார்ந்தபோதுதான் சிக்கல். வயருக்குள் இருந்தது வெறும் செப்புக் கம்பி இல்லை. நூலின் மேல் முடி மாதிரி மெல்லிய செப்புப் பட்டையைச் சுற்றியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான முறை வளைந்தாலும் முறியாமல் இருக்கத்தான் அப்படி. சால்டரிங் அயர்னை வைத்ததுமே நூல் கருகி, இழை உதிர்ந்தது. இரண்டாவது தடவை, ஒரு மெல்லிய செப்பு இழையை நுனியில் ஏழெட்டுச் சுற்று இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ஈயத்தை ஒரே தொடுகையில் வைத்து எடுத்தேன். நின்றது.

ஹெட்செட் ஒழுங்கானதும் விசில் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது! எஞ்சின் நிற்கும்போது பேட்டரியின் மாஸ்டர் சுவிட்சை மட்டும் போட்டால் நிசப்தம். எஞ்சின் ஓடினால் விசில். 1,000 சுற்றிலிருந்து 1,800-க்கு ஏற்றினால் அதுவும் கூடவே ஏறியது. மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு, தரையில் வைத்தே, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சுவிட்சை மட்டும் அணைத்தேன். விசில் போயே போய்விட்டது. ஏஎன்ஆரை அணைத்துப் பார்த்தாலும் விசில் இருந்ததால், அது ஹெட்செட்டின் சர்க்யூட்டில் பிறப்பதில்லை.

இங்கேயே பலர் ஆல்டர்னேட்டரைக் குற்றவாளியாக்கிவிடுவார்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. ஆனால் அதே ஹெட்செட்டை வலது சீட்டு ஜாக்கில் செருகினேன். ஒரு முணுமுணுப்புகூட இல்லை. எஞ்சின் அதே, ஆல்டர்னேட்டர் அதே. ஆக, கோளாறு இடது ஜாக்கில்.

இந்த ஜாக்குகள் பேனல் உலோகத்தைத் தொடக்கூடாது. இன்சுலேஷன் வாஷர் போட்டு, அவற்றின் கிரவுண்ட் வயரை ஆடியோ பக்கம் ஒரே இடத்தில் சேர்ப்பார்கள். ஆல்டர்னேட்டரின் கரண்ட் விமானத்தின் உடல் வழியாகவே திரும்புவதால், உடலில் இரண்டு இடங்களுக்கு இடையே சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். ஜாக் பேனலைத் தொட்டால் அந்த மில்லிவோல்ட் நேராகக் காதுக்கு வந்துவிடும். வாடகை விமானத்தின் பேனலில் நான் கை வைப்பதற்கில்லை. சோதித்ததை எல்லாம் எழுதி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மைக் ஜாக்கைக் கழற்றியதும் வாஷர் இரண்டு துண்டாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. நகக்கண் அளவுதான் இருக்கும், ஓரம் பழுப்பேறி உளுத்துப்போயிருந்தது.

புது வாஷரோடு சனிக்கிழமை 3,000 அடியில் முக்கால் மணி நேரம் பறந்தேன். டவர் பேசியது பக்கத்து சீட்டிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. ஆனால் காற்றில் குலுங்கும்போது மட்டும் இடது காதில் 'டப்' என்று ஒரு அடி. மூக்குக்கண்ணாடியின் தடித்த காதுக்கம்பி காதுமூடியின் மெத்தையைத் தூக்கி இடைவெளி விடுகிறது. அழுத்தம் சட்டென்று மாறும்போது ஏஎன்ஆர் திணறிப்போகிறது. இறுகிப்போன பழைய மெத்தைகளை மாற்றியபின் நேற்று ஒரே ஒரு தடவைதான் கேட்டது. பறக்கும்போது போட்டுக்கொள்ள, காதுக்கம்பி மெல்லியதாக ஒரு கண்ணாடி செய்யச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வரும்.