கடைசித் தடம் வரை: டர்ன்டேபிளுக்கு ஒரு புதுக் கை

ஜூன் 1, 2025, ஞாயிறு, ஹட்டன்

என் டர்ன்டேபிளான தோரன்ஸ் டிடி 160இன் டோன் ஆர்மை, அதாவது ஊசியைத் தாங்கும் கையை, மாற்றுவதென்று இன்று முடிவு செய்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இசைத்தட்டைச் சுமந்து சுழலும், மூன்று கிலோவுக்கு மேல் கனக்கும் தட்டம், பெல்ட், மூன்று ஸ்பிரிங்கில் தொங்கும் அடிச்சட்டம், எல்லாம் 1970களில் செய்தவை. இப்போதும் சீராக ஓடுகின்றன. கை மட்டும் தளர்ந்துவிட்டது. கையின் நுனியில் இருக்கும் ஹெட்ஷெல்லை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து அசைத்தால், சுழலும் இடத்தில் ஒரு சின்ன ஆட்டம் விரலுக்குத் தெரிகிறது. இத்தனை வருடத்துக்குப் பிறகு தேய்மானம் இருக்கத்தான் செய்யும்.

சின்ன ஆட்டம்தானே என்று விட முடியாது. ஊசிக்கும் கைக்கும் இடையில் நடக்கும் அசைவைத்தான் ஹெட்ஷெல்லில் மாட்டிய கார்ட்ரிஜ் மின்சாரமாக்குகிறது. கை அசையாமல் நின்றால்தான் ஊசி சொல்வது முழுதாக வந்து சேரும். கையே நடுங்கினால் அந்த நடுக்கமும் பாட்டோடு கலந்துவிடும்.

இன்னொரு காரணம் நம் இசையிலேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் தடம் ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் வரும்போது அது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒரு நொடி இசையைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் திணித்து வைத்திருக்கிறார்கள். கை கொஞ்சம் கோணினாலும் அங்கேதான் முதலில் பிசிறடிக்கும். ஒரு நாதஸ்வரத் தட்டில் ராகம் விரிந்து, கீர்த்தனை முடிந்து, தவில் உச்சத்துக்குப் போவது எங்கே? பக்கத்தின் கடைசியில், லேபிளை ஒட்டித்தான். நம் கச்சேரித் தட்டுகளுக்கு நல்ல கை ஆடம்பரம் இல்லை என்று நான் சொல்வது அதனால்தான்.

ஜூன் 5, வியாழன்

லண்டனில் இருக்கும் பெரியம்மா மகன் அண்ணன் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருக்கிறார். பழைய ரெகா ஆர்பி300 டோன் ஆர்ம் ஒன்றைக் கைப்பையிலேயே கொண்டுவந்துவிட்டார். கையின் பின்முனையில் சமன் செய்யும் எதிர் எடையைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்றியிருந்தார். அதை மாட்டியபடியே கொண்டுவந்தால் பிரயாணத்தில் தாங்கிகள் அடிபடும்.

ஆர்பி300 வந்தது 1983இல். குழாயும் ஹெட்ஷெல்லும் ஒரே வார்ப்பாக வந்த அலுமினியக் கை. நடுவில் இணைப்பு இல்லாததால் தளர்வதற்கும் இடமில்லை. விரலால் பிடித்துப் பார்த்தேன். துளி ஆட்டமும் இல்லை. மேலும் கீழும் விட்டால் தண்ணீர்போல் போகிறது.

கார்ட்ரிஜ் ஏற்கெனவே இருக்கும் ஆர்டோஃபோன் 2எம் ரெட். ஒத்துப்போகுமா என்று கணக்குப் போட்டேன். கையின் செயல் எடை (அசையும்போது ஊசி உணரும் எடை) சுமார் 11 கிராம், கார்ட்ரிஜ் 7.2, திருகுகளுக்கு அரை கிராம்; மொத்தம் 18.7. ஊசி எவ்வளவு எளிதில் வளையும் என்பதைச் சொல்லும் நெகிழ்வு எண் 20. இரண்டையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் 159ஐ வகுத்தால் 8.2 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில்தான் கையும் ஊசியும் சேர்ந்து தானாக ஆட விரும்பும். நெளிந்த தட்டின் ஏற்ற இறக்கம் அதற்குக் கீழே, இசை 20க்கு மேலே. 8 முதல் 12 வரை நல்லது என்பார்கள். சரி, ஓரமாகத்தான் நிற்கிறது, ஆனாலும் உள்ளேதான்.

ஜூன் 8, ஞாயிறு

டிடி 160இல் கை நிற்கும் பலகை தனித் துண்டு. அடியில் இருக்கும் திருகுகளைக் கழற்றினால் வந்துவிடும். அதனால் டர்ன்டேபிளில் ஒரு வெட்டும் விழாது. பழைய பலகையும் பழைய கையும் சேர்ந்தே பெட்டிக்குள் போகும்.

டிக்கோயா ரோட்டில் இருக்கும் தச்சு பாஸிடம் போனேன். நல்ல பலா மரம் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினார். ஒட்டுப்பலகையில்தான் வேண்டும் என்றேன். இந்த மாதங்களில் இங்கே சுவரே வியர்க்கிறது. தனி மரம் ஈரத்தில் முறுக்கிக்கொள்ளும், குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய பலகை அவ்வளவு முறுக்காது. பாஸும் ஒத்துக்கொண்டார்.

தட்டம் சுழலும் அச்சின் மையத்திலிருந்து கையின் மையம் வரை 222 மில்லிமீட்டர். இந்த ஒரு அளவில்தான் எல்லாம் இருக்கிறது. “தம்பி, அரை மில்லி அங்க இங்க போனா என்ன?” என்று கேட்டார். ஊசி போகும் பாதையே மாறிவிடும் பாஸ் என்று தாளில் வட்டம் போட்டுக் காட்டினேன். அதைப் பார்த்த பிறகு அவரே பென்சிலை மறுபடி சீவி, கோட்டை மெல்லிசாக இழுத்தார். ஓட்டையைப் போட்டு முடிக்கும் வரை வேறு வேலையைத் தொடவில்லை. இப்படிப்பட்ட கைக்காரர்கள் இன்னும் நம் ஊரில் இருப்பது எனக்குப் பெருமை.

ஜூன் 10, செவ்வாய், பொசன் போயா

பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறை. வெளியே பந்தல் வேலை நடக்கிறது, நான் மேசையை விட்டு எழும்பவில்லை.

கார்ட்ரிஜ் வயர்கள்: வெள்ளை இடது, நீலம் இடது எதிர்முனை, சிவப்பு வலது, பச்சை வலது எதிர்முனை. மயிரிழை வயர்கள். இடுக்கியால் முனைக் கவ்வியைப் பிடிக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

அதிக நேரம் எடுத்தது ஸ்பிரிங்தான். புதுக் கையின் எடை வேறு என்பதால் அடிச்சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தது. தட்டம், கை, கார்ட்ரிஜ் எல்லாவற்றையும் ஏற்றி, மட்டம் வைத்து, அடியில் இருக்கும் நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். தட்டத்தை லேசாக அழுத்தி விட்டால் நேராக மேலும் கீழும் போய் அடங்க வேண்டும். வட்டம் போட்டு ஆடினால் சரியில்லை. எல்லாம் சரியென்று நினைக்கும்போது கையிலிருந்து கீழே போகும் தடித்த கேபிள் சட்டத்தை ஒரு பக்கம் இழுக்கும். அதைத் தளர்வாக ஒரு வளையம் விட்டு, அடிப்பெட்டியில் கிளிப் போட்டேன். ஆட்டம் நேரானது.

ரெகா கையில் தனியாக எர்த் வயர் கிடையாது. இடது பக்கக் கேபிளின் கவசம் வழியாகவே கை எர்த் ஆகிறது. டர்ன்டேபிளின் இரும்புச் சட்டத்துக்கு மட்டும் தனி வயர் எடுத்து ஆம்பிளிபயரில் மாட்டினேன். இரைச்சல் இல்லை.

ஜூன் 14, சனி

ஊசியை நிறுத்தும் கோணம். வளைந்த தடத்தைச் சுழலும் கை தொட்டுக்கொண்டே போகும்போது முழுதும் நேராக இருக்க முடியாது. இரண்டு இடத்தில் மட்டும் மிகச் சரியாக இருக்கும். அந்த இரண்டு இடமும் எங்கே என்பதுதான் கேள்வி. இதற்குக் கணக்குப் போட்டவர்களில் லோஃப்கிரன் 1938இலும் பேர்வால்ட் 1941இலும் சொன்ன வழியில் உள் புள்ளி தட்டின் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டரில் விழுகிறது. தட்டு முழுவதற்கும் சராசரியாக நல்லது. ஸ்டீவன்சன் 1966இல் சொன்ன வழியில் உள் புள்ளி 60.3. அதாவது இசை முடியும் கடைசித் தடத்திலேயே. நடுப்பகுதியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடிவைக் காப்பாற்றுகிறார்.

நான் ஸ்டீவன்சன் பக்கம். மேலே சொன்ன காரணம்தான். ரெகாவின் அளவுகளும் இதற்கு நெருக்கமாகவே இருக்கின்றன. ஊசி முனை தட்டின் மையத்தைத் தாண்டி 15.4 மில்லிமீட்டர் நிற்க வேண்டும், 60.3, 117.4 இரண்டு இடத்திலும் அளவுத் தாளின் கோட்டோடு ஒத்து நின்றது. அப்புறம் திருகை இறுக்கினேன்.

2எம் ரெட் உயரமான கார்ட்ரிஜ். கையில் உயரம் மாற்றும் திருகு இல்லாததால் அடியில் 2 மில்லிமீட்டர் வளையம் வைத்தேன். கை தட்டுக்கு இணையாக வந்தது. ஊசியின் பாரம் 1.8 கிராம், சின்ன டிஜிட்டல் தராசில் பார்த்தது.

ஜூன் 15, ஞாயிறு

காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரத் தட்டு. பூஞ்சை பிடித்திருந்ததைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவிக் காயவைத்திருந்தேன். பக்கத்தின் ஆரம்பம் பழைய கையிலும் நன்றாகத்தான் இருந்தது, அங்கே பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டேன். கடைசிப் பகுதி வேறு. மேல் ஸ்தாயியில் சீவாளி கிறீச்சிட்டது என்று இத்தனை நாளும் நினைத்தது வாத்தியத்தின் குரல் இல்லை. இப்போது அந்த ஸ்வரம் முழுதாக, உருண்டையாக நிற்கிறது. தவிலின் வலப்பக்க வலந்தலை அடியும் இடப்பக்கத் தொப்பியின் அதிர்வும் ஒன்றில் ஒன்று மோதாமல் தனித்தனியாக வருகின்றன.

அம்மா குசினியிலிருந்து வந்து வாசலில் நின்றார். “இதுல ஒத்து இருக்கிறது இப்பதான்டா கேக்குது” என்றார். உண்மை. இசை முழுதும் ஒரே சுருதியில் பின்னால் நிற்கும் அந்த ஒத்து, தவில் உச்சத்திலும் மறையாமல் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

பலகைத் தரை வீடு. யாராவது வேகமாக நடந்தால் ஸ்பிரிங் சட்டம் ஆடி ஊசி துள்ளுகிறது. இந்தச் சனிக்கிழமை சுவரில் இரும்புத் தாங்கி அடித்து டர்ன்டேபிளை அதன் மேல் ஏற்றுவேன். பாஸிடமே சொல்லிவிட்டேன். ஏற்றிய பிறகு மட்டமும் பாரமும் மறுபடி பார்க்க வேண்டும். அதன் பிறகு கச்சேரித் தட்டுகளைக் கழுவி, ஒவ்வொன்றாகக் கணினியில் பதிவு செய்யத் தொடங்குவேன்.