கால்க் அபி: சுவரில் பெயிண்ட் உரிந்த அரண்மனை

கால்க் அபி, இங்கிலாந்தின் டெர்பிஷயரில் இருக்கும் பழைய மாளிகை. அங்கே போக டெர்பி ரயிலடியில் இறங்கியதும் டாக்ஸியைக் கூப்பிட்டுக் காசைக் கரைக்காதீர்கள். டிக்னல் என்ற கிராமம் வழியாக ஸ்வாட்லின்கோட் ஊருக்குப் போகிற பஸ் இருக்கிறது. ஆனால் டிக்னலோடு சரி. மீதி ஒன்றரை மைல் பூங்காவுக்குள் நடை. வீடு பள்ளத்தில் பதுங்கிக் கிடப்பதால் கடைசிவரை கண்ணில் படாது, வழி தவறிவிட்டதோ என்று பதறவேண்டாம். திரும்பும் பஸ்ஸின் நேரத்தை இறங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பெயரில்தான் அபி, மடாலயம் எதுவும் இல்லை. 12-ஆம் நூற்றாண்டில் துறவிகள் இருந்த இடத்தை 1622-இல் ஹார்ப்பர் குடும்பம் வாங்கியது. இப்போதுள்ள வீடு 1701 முதல் 1704 வரை கட்டியது. 'அபி' பட்டம் ஒட்டியது 1808-இல், வெறும் பந்தா!

இந்தக் குடும்பத்துக்கு எதையும் தூக்கியெறிய மனசு வராது. சர் வான்சி ஹார்ப்பர் க்ரூ 1924-இல் சாகும்வரை எஸ்டேட்டுக்குள் மோட்டார் காரையே விடவில்லை. பாடம்செய்த பறவைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டே போனார். வீட்டுக்கு மின்சாரம் வந்தது 1962-இல்தான். 1981-இல் அப்போதைய உரிமையாளர் சார்ல்ஸ் ஹார்ப்பர் க்ரூ இறந்ததும் வாரிசு வரி சுமார் 80 லட்சம் பவுண்டு. கட்ட வழியில்லை, 1985-இல் வீடு, பழைய மாளிகைகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் கைக்குப் போனது.

டிரஸ்ட் செய்த நல்ல காரியம், எதையும் பளபளப்பாக்காததுதான். ஒழுகலை அடைத்தார்கள், உரிந்த வால்பேப்பரை அப்படியே விட்டார்கள். இதே டெர்பிஷயரின் சாட்ஸ்வர்த் மாளிகையில் இதைவிட அதிகம் கொடுத்துத் தங்கமுலாம் பார்ப்பதற்கு இதுவே மேல்.

நேராகக் கட்டிலுக்குப் போங்கள். 18-ஆம் நூற்றாண்டில் வந்த அரச கட்டில். பிரிக்கவே பிரிக்காமல் பெட்டியிலேயே கிடந்தது. வெயில் படாததால் சீனப் பட்டின் நிறம் துளியும் மங்கவில்லை. எம்பிராய்டரியில் மரத்தண்டின் முடிச்சுகள் மயிலிறகால் ஆனவை. பட்டு வெளுக்காமலிருக்க அறையை இருட்டாகவே வைத்திருக்கிறார்கள். கண் பழக ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், அவசரப்பட்டால் வெறும் இருட்டுத்தான் தெரியும். மப்பு நாளில் மற்ற அறைகளும் மங்கல்தான், அதனால் முற்பகலே நல்லது.

வீட்டுக்குள் போகச் சீட்டில் நேரம் குறித்திருந்தால் கவனியுங்கள். தாமதமாகப் போய்த் திண்டாடாதீர்கள். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோனால் மான் பூங்காவின் பழைய ஓக் மரத்தடியில் பிரித்துக்கொள்ளலாம். செலவு மிச்சம்.