எலிஃபெண்டா: முதல் குகைக்கு நேரம் கொடுங்கள்

மும்பைத் தமிழர் வீடுகளுக்கு ஊரிலிருந்து வரும் விருந்தினர்கள் தவறாமல் பார்க்க விரும்பும் இடங்களில், மும்பைக் கடலில் ஒரு தீவில் இருக்கும் எலிஃபெண்டா குகைகளும் ஒன்று. மாட்டுங்காவில் வசிக்கும் நானும் உறவினர்கள் பலரை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். படகுச் சவாரி, படிக்கட்டு, கடைகள் என்று பொழுதெல்லாம் கரைந்துபோக, எதைக் காண்பதற்காகக் கடல் கடந்து வந்தார்களோ அந்த முதல் குகையைக் கால்மணி நேரத்தில் சுற்றிவிட்டுத் திரும்புகிறவர்களைக் காணும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. அந்தக் குகைக்குள் நிதானமாக இரண்டு மணி நேரமாவது கிடைக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது எப்படி என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சிற்பங்களின் முன் நிற்கவே இடம் கிடைக்காது என்பதால், செவ்வாய் முதல் வெள்ளி வரை ஏதேனும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். வி.டி. (இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) ரயில் நிலையத்திலிருந்து பேருந்திலோ டாக்சியிலோ கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு வந்தால், காலை ஒன்பது மணியளவில் முதல் படகு புறப்படும். அதைப் பிடிப்பதே இந்தப் பயணத்தின் பாதி வெற்றி. பதினொரு மணிக்கு மேல் வரும் படகுகளில்தான் சுற்றுலாக் குழுக்கள் மொத்தமாக வந்து இறங்கும். டிக்கெட் போகவர இரண்டுக்கும் சேர்த்தே தரப்படுவதால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பதால், நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏற்றவை.

படகில் ஏறியதும் முதல் வேலையாக உயிர்காக்கும் கவசத்தைக் கேட்டு வாங்கி அணிந்துகொள்ளுங்கள். 2024 டிசம்பரில் இதே வழித்தடத்தில் சென்ற பயணிகள் படகு மீது கடற்படையின் விரைவுப் படகு மோதிப் பலர் உயிரிழந்தார்கள். வியர்க்கிறது, புடவை கசங்குகிறது என்று பெரியவர்கள் தயங்கினாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தைகளுக்கு அளவான கவசம் இருக்கிறதா என்று கரையிலேயே விசாரித்துவிடுவது நல்லது.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் கடலுக்குள் நீண்டிருக்கும் படகுத்துறையில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து மலையடிவாரம் வரை சிறிய ரயில் ஓடுகிறது. நடக்க முடிந்தவர்களுக்கு அது தேவையில்லை. ஊராட்சிக்கு ஒரு சிறு வரி செலுத்திவிட்டு, இருபுறமும் கடைகள் நெருங்கிய சுமார் 120 படிகளை ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு டோலி கிடைக்கும். கூலியை ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். கடைகளை இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். கையில் தின்பண்டமோ குளிர்பான பாட்டிலோ வெளியே தெரிந்தால் குரங்குகள் பறித்துவிடும் என்பதால், குடிநீர் உட்பட எல்லாவற்றையும் மூடிய பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதல் குகை. யுனெஸ்கோ 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்தத் தொகுதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கலச்சுரி மன்னர்கள் காலத்தில், 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது குடையப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்; அப்படியானால் நம் மகேந்திரவர்ம பல்லவனின் குடைவரைகளுக்கும் அரை நூற்றாண்டு முந்தையது. வடக்கு வாசலில் நுழைந்ததும் நேரே உள்ளே ஓடாமல் சற்று நில்லுங்கள். வெளி வெயிலில் சுருங்கிய கண் உள்ளிருட்டுக்குப் பழகச் சில நிமிடங்கள் ஆகும். அந்நேரத்தில் வாசலின் வலப்புறம் இருக்கும் நடராசரையும், எதிரே இடப்புறம் தவத்தில் அமர்ந்த யோகீசுவரரையும் பாருங்கள். சிதம்பரத்து ஆனந்தத் தாண்டவத்தையே கண்டு வளர்ந்த நமக்கு இந்த நடராசர் புதியவர். கைகால்கள் உடைந்திருந்தும், எஞ்சிய உடலின் வளைவிலேயே ஆட்டத்தின் வேகம் முழுவதும் தெரிகிறது.

பிறகு தூண்களுக்கிடையே தெற்கு நோக்கி மெல்ல நடந்தால், பின்சுவரின் இருளிலிருந்து சதாசிவரின் மூன்று முகங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கி வரும். வழிகாட்டிகள் பலர் இதைப் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று விளக்குவார்கள். மூன்றுமே சிவனின் முகங்கள் என்பதுதான் அறிஞர்களின் கருத்து. நடுவில் கண்மூடிய சாந்தம். நமக்கு இடப்புறம் மீசையோடு சினந்த அகோரம். வலப்புறம் தாமரை ஏந்திய, பெண்மை கனிந்த வாமதேவம். தோளுக்கு மேற்பட்ட பகுதியே ஐந்தரை மீட்டர் உயரம் இருப்பதால், மிக அருகில் சென்றால் முகங்களின் இணக்கம் புலப்படாது. நாலைந்து தூண்கள் தள்ளிப் பின்னால் நின்று பாருங்கள். கடினமான எரிமலைப் பாறையைக் குடைந்து, ஒரே உருவத்தில் சினத்தையும் கனிவையும் இரண்டுக்கும் அப்பாற்பட்ட அமைதியையும் காட்டிய இதற்கு நிகரான சிற்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சதாசிவருக்கு இடப்புறம் அர்த்தநாரீசுவரர், வலப்புறம் கங்காதரர். திருச்சி மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைவித்த குகையிலும் கங்காதரர் இருக்கிறார். அதைக் கண்டவர்கள் இரண்டையும் மனத்தில் அருகருகே வைத்துப் பார்க்கலாம். மேற்குப் பக்கம் நான்கு வாசல்கள் கொண்ட லிங்கக் கருவறையும், வாசல்தோறும் ஓங்கி நிற்கும் துவாரபாலகர்களும் உண்டு. அதன் அருகே சிவபார்வதி திருமணம். தலைகுனிந்த மணப்பெண்ணின் நாணத்தை, சிதைந்த கல்லிலும் காணலாம். கிழக்கு வாசல் பக்கம் இராவணன் கயிலையைத் தூக்கும் காட்சி இருக்கிறது. ஞானசம்பந்தர் தம் பதிகங்களின் எட்டாம் பாடலில் மீண்டும் மீண்டும் பாடிய நிகழ்ச்சி அது என்று என் பெரியப்பாவிடம் சொன்னபோது, அவர் அங்கேயே நின்று ஒரு பதிகத்தைப் பாடத் தொடங்கிவிட்டார்.

சிற்பங்களின் கீழ்ப்பகுதிகள் பெரும்பாலும் சிதைந்திருப்பதற்குப் போர்த்துக்கீசியப் படைவீரர்களின் துப்பாக்கிப் பயிற்சியைக் காரணமாகச் சொல்வார்கள். எஞ்சியிருப்பதையாவது நாம் காக்க வேண்டும். தொட்டுப் பார்க்கவோ சாய்ந்து படம் எடுக்கவோ குழந்தைகளை அனுமதிக்காதீர்கள்.

மற்ற குகைகள் முற்றுப்பெறாதவை, அல்லது மிகவும் சிதைந்தவை. நேரமிருந்தால் ஒரு நடை போய் வரலாம். மலையுச்சியில் பழைய பீரங்கிகள் இரண்டு உள்ளன. துறைமுகக் காட்சியை விரும்பும் இளைஞர்கள் ஏறட்டும், பெரியவர்கள் நிழலில் இருக்கட்டும். தீவில் சுற்றுலாப் பயணிகள் இரவு தங்க முடியாது; மாலை ஐந்து மணியை ஒட்டிக் கடைசிப் படகுகள் கிளம்பிவிடுவதால், நான்கு மணிக்கே இறங்கத் தொடங்குவது நல்லது. படியோரக் கடைகளில் வாங்குவது தீவின் சிற்றூர் மக்களுக்கு நேரடியான வருமானம். 2018இல்தான் கடலடிக் கம்பி வழியாக அவர்கள் வீடுகளுக்கு முறையான மின்சாரம் வந்தது.

இன்னொரு நாள் கிடைத்தால் பைகுல்லாவுக்கும் சென்று வாருங்கள். போர்த்துக்கீசியர் இந்தத் தீவுக்கு எலிஃபெண்டா என்று பெயரிடக் காரணமான கல்யானை இப்போது அங்கே, பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கிறது. 1864இல் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லத் தூக்கியபோது விழுந்து உடைந்த யானையை, பின்னர் துண்டுகளை ஒட்டி நிறுத்தியிருக்கிறார்கள். பைகுல்லா ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் நடந்தே போய்விடலாம். புதன்கிழமை மட்டும் விடுமுறை.